ஏர்பேடு: நிலம் உண்டு, மனை இல்லை

(வீட்டு வசதி பற்றிய கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்திய உரை)

ரேணிகுண்டாவிலிருந்து திருக்காளத்திக்குச் செல்லும் இருப்புப் பாதையில் உள்ள சிறிய நிலையம் ஏர்பேடு. மலையாள சுவாமிகள் 1926ஆம் ஆண்டில் நிறுவிய வியாசாசிரமத்தின் வாயிலாகவே நெடுங்காலம் பலர் இவ்வூரை அறிந்திருந்தனர். 1953 வரை சென்னை மாநிலத்தில் அடங்கியிருந்த இப்பகுதி, பின்னர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரல் 4 முதல் புதிய திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. வேர்க்கடலையும் நெல்லும் விளையும் நிலம், ஏரிகள், அருகே சுவர்ணமுகி ஆறு. பத்தாண்டுகளுக்கு முன்னர் வீட்டுமனைப் பிரச்சினையை ஆராய விழைவோர் எவரும் ஏர்பேட்டைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்.

இன்று நிலைமை வேறு. 2014ஆம் ஆண்டு ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்புச் சட்டத்தின் பதின்மூன்றாம் அட்டவணை, புதிய ஆந்திர மாநிலத்தில் மத்திய அரசு நிறுவ வேண்டிய உயர்கல்வி நிலையங்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகமும் ஏர்பேட்டை அடுத்த நிலங்களில் அமைந்தன. 2015இல் திருப்பதியில் தற்காலிகக் கட்டடங்களில் வகுப்புகள் தொடங்கின. நிரந்தர வளாகங்கள் 2024 பிப்ரவரி 20 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. இதே மண்டலத்தின் விக்ருதமாலாவில் மின்னணுப் பொருள் உற்பத்தித் தொகுப்பு எழுந்துள்ளது. ரேணிகுண்டா விமான நிலையம் அருகில் உள்ளது. ரேணிகுண்டாவையும் நாயுடுப்பேட்டையையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுச் செல்கிறது.

கல்வி நிலையம் ஒன்று வருமானால் பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் வளாகத்திற்குள்ளேயே இடம் அமைந்துவிடும். ஆனால் ஆய்வுக்கூட உதவியாளர், மின்பணியாளர், உணவுக்கூடத்தில் பணிபுரிவோர், காவலர், தொழிற்சாலையில் முறை மாற்றி வேலை செய்யும் இளம்பெண்கள், இவர்களையெல்லாம் நம்பிக் கடை வைப்போர் ஆகியோருக்கு வளாகத்தில் இடமில்லை. இவர்களுக்கு வீடு கட்டித் தருபவர் யார் என்பதே இவ்வுரையின் பொருள்.

சிறு நிறுவனம் என்பது எது?

வீட்டு வசதி பற்றிய அறிக்கைகளில் இருவரே பெரும்பாலும் இடம்பெறுகின்றனர்: ஒருவர் அரசு, மற்றவர் பெருநகரத்துப் பெரிய நிறுவனம். இவ்விருவருக்கும் இடையே, நாட்டின் சிற்றூர்களிலும் வளரும் ஊர்களிலும் வீடுகளைக் கட்டிவரும் மூன்றாமவர் ஒருவர் உண்டு. மேஸ்திரியாக வாழ்க்கையைத் தொடங்கி ஒப்பந்தக்காரராக உயர்ந்த ஒருவர். சிமெண்டுக் கடையோ மரவாடியோ வைத்திருக்கும் உறவினர் ஒருவர். ஓய்வு பெற்ற பொறியாளரோ ஆசிரியரோ ஒருவர். இம்மூவர் கூட்டாகச் சேர்ந்து ஆண்டுக்கு 10 அல்லது 15 வீடுகள் கட்டுவர். அலுவலகம் என்று பெரிதாக எதுவும் இராது. கணக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். கட்டடத் தொழிலில் இவர்கள் தேர்ந்தவர்கள். வாங்குபவரின் முகம் அறிந்தவர்கள். வீடு ஒழுகினால் தெருவில் நிறுத்திக் கேட்கப்படுபவர்கள். இந்தக் கடைசித் தகுதி எந்தச் சட்டத்தாலும் பெறமுடியாத நுகர்வோர் பாதுகாப்பாகும்.

பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்காக அமைக்கப்பட்ட தொழில்நுட்பக் குழு, 2012இல் நாட்டின் நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1 கோடியே 87 லட்சத்து 80 ஆயிரம் என மதிப்பிட்டது. இதில் ஏறத்தாழ 95 சதவீதத்திற்கு மேல் நலிந்த பிரிவினரையும் குறைந்த வருவாய்ப் பிரிவினரையும் சார்ந்தது. இவர்கள் வாங்கக்கூடிய அளவிலான வீட்டைப் பெரிய நிறுவனங்கள் விரும்பிக் கட்டுவதில்லை. ஆகவே சிறு நிறுவனத்தின் நலிவு அத்தொழிலில் உள்ளோரின் தனிக்கவலை மட்டுமன்று.

ஏர்பேடு போன்ற இடத்தில் இவர்கள் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டைப் பொருளாதார நோக்கில் ஒரு வாக்கியத்தில் கூறலாம். நிலத்தின் உரிமையை உறுதி செய்வதற்கும் அனுமதி பெறுவதற்கும் ஆகும் செலவு, நிலத்தின் அளவைப் பொறுத்து மாறுவதில்லை. ஓர் ஏக்கருக்கும் 10 ஏக்கருக்கும் வழக்கறிஞர் ஒருவரே, அலைச்சலும் ஒன்றே, காத்திருக்கும் மாதங்களும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே சிறியவருக்கு ஒவ்வொரு வீட்டின் மீதும் விழும் சுமை பன்மடங்காகிறது.

நிலத்தின் பழைய கதை

வெளியூரிலிருந்து வருபவருக்கு ஏர்பேட்டில் நிலத்துக்கா பஞ்சம் என்று தோன்றும். சாலையின் இருபுறமும் வெறும் நிலம். ஆனால் அவற்றுள் எந்த நிலத்தை வாங்கலாம் என்று கேட்கத் தொடங்கினால் பட்டியல் சுருங்கிக்கொண்டே போகும்.

திருக்காளத்தி, வெங்கடகிரி ஆகிய ஜமீன்கள் நிலவிய வட்டாரம் இது. 1948ஆம் ஆண்டுச் சென்னை எஸ்டேட்டு ஒழிப்புச் சட்டத்திற்குப் பின்னரே இத்தகைய பகுதிகள் ரயத்துவாரி முறைக்குள் வந்தன. நில உரிமைக் கணக்குகளில் தெளிவின்மை நீடிப்பதற்கு இத்தகைய பழைய மாற்றங்களும் காரணமாகும். ஆந்திரப் பகுதியின் மறுதீர்வைப் பதிவேடுகளில், பட்டாதாரர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள் இடப்பட்ட நிலங்கள் ஏராளம். தெலுங்கில் இவற்றைச் 'சுக்கல பூமுலு', அதாவது புள்ளி நிலங்கள், என்பர். அன்று எழுத்தர் ஒருவர் பெயர் தெரியாமல் வைத்த புள்ளிகள், இரண்டு தலைமுறைகளுக்குப் பின்னர் உழுதவனின் பேரனை அலுவலக வாயிலில் நிறுத்தின. இதைத் தீர்க்கவென்றே 2017இல் ஆந்திர சட்டமன்றம் தனிச் சட்டம் ஒன்று இயற்ற வேண்டியதாயிற்று.

அடுத்தது ஏழைகளுக்கு அரசு ஒப்படைத்த நிலம். ஆந்திரப் பகுதியில் 1954 ஜூன் 18 அன்று வெளியான அரசாணைக்குப் பின்னர் ஒப்படைக்கப்பட்ட நிலங்களுக்கு, விற்கக் கூடாது என்னும் நிபந்தனை உண்டு. அதற்கு முன்னர் ஒப்படைக்கப்பட்டவற்றுக்கு அந்நிபந்தனை இல்லை. 1977ஆம் ஆண்டின் ஒப்படை நில மாற்றத் தடைச் சட்டம், நிபந்தனையை மீறிய விற்பனை எதுவும் செல்லாது என்றது. 2023இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, 20 ஆண்டுகள் கடந்த ஒப்படைகளுக்கு முழு உரிமை வழங்க வழி செய்யப்பட்டது. 2024இல் ஆட்சி மாறியதும், அவ்வாறு விடுவிக்கப்பட்ட நிலங்களின் பதிவு நிறுத்திவைக்கப்பட்டு ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டது. ஏழையின் நிலம் கைமாறிவிடக் கூடாது என்னும் நோக்கத்தை எவரும் குறைகூற முடியாது. ஆனால் முன்பணம் கொடுத்துவிட்டு அமர்ந்திருக்கும் சிறு நிறுவனத்திற்கு, 1954 ஜூன் மாதத்திற்கு முந்தையதா பிந்தையதா என்று காட்டும் ஒரு பழுப்பேறிய தாளே வாழ்வும் தாழ்வும் ஆகிறது. பல வேளைகளில் அத்தாள் கிடைப்பதேயில்லை.

பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவு மூன்றாவது தடை. அரசு நிலம், ஒப்படை நிலம், அறநிலையத்துக்கு உரிய நிலம் ஆகியவற்றைப் பதிவு செய்யலாகாது என இப்பிரிவு கூறும். ராஜஸ்தானில் இயற்றப்பட்ட இத்தகைய பிரிவை 2005இல் உச்ச நீதிமன்றம் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. ஆந்திரம் 2007இல் புதிய வடிவில் அதனை மீண்டும் கொண்டுவந்தது. கோயில் நிலங்கள் மிகுந்த திருப்பதி, காளத்தி வட்டாரத்தில் இத்தகைய பாதுகாப்பு தேவையே. ஆயினும் ஒரு சர்வே எண்ணின் ஒரு பகுதி மட்டும் தடைக்கு உரியதாயிருக்க, உட்பிரிவு செய்யப்படாமையால் முழு எண்ணும் பட்டியலில் ஏறிவிடும்போது, தொடர்பில்லாத பட்டாதாரர் தம் நிலத்தை விடுவிக்க ஆட்சியர் அலுவலகத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் நடக்க நேர்கிறது.

நான்காவதாக, குடும்பப் பங்கு. இந்து வாரிசுரிமையில் மகளுக்கும் மகனுக்குச் சமமான கூட்டுப் பங்கை, என். டி. ராமராவ் ஆட்சியின்போது, 1985 செப்டம்பர் 5 முதல் ஆந்திரம் வழங்கியது. தமிழ்நாடு 1989இல் வழங்கியது. நாடு முழுமைக்கும் 2005இல்தான் வந்தது. பெருமைக்குரிய சட்டம். ஆனால் அண்ணன் தம்பிகள் மட்டும் கையொப்பமிட்டு விற்ற கிரயப் பத்திரங்கள் அதற்குப் பின்னரும் எழுதப்பட்டே வந்தன. திருமணமாகி வெளியூர் சென்ற சகோதரியின் கையொப்பம் இல்லாத பத்திரம் ஒன்று இடையில் இருந்தால், வங்கியின் வழக்கறிஞர் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார். அவரைக் குறைசொல்வதற்கில்லை. அச்சகோதரியின் உரிமையை முதலிலேயே மதித்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் ஆராய்ந்து, சிக்கலற்றது எனத் தெளிந்த நிலம் கிடைத்தால், அது 8 ஏக்கராகவோ 12 ஏக்கராகவோ இருக்கும்; உடைமையாளர் பிரித்து விற்க உடன்பட மாட்டார். சிறு நிறுவனத்திற்கு வேண்டியதோ ஓர் ஏக்கர். பெரிய நிலத்தை வாங்க வல்லவர் மற்றொருவர். திருப்பதி, நெல்லூர்ப் பகுதிகளில் மனையை 'அங்கணம்' என்னும் அளவால் விலை பேசுவது வழக்கம். அங்கணத்தின் பரப்பு இடத்துக்கிடம் வேறுபடும். ஏக்கர்க் கணக்கில் வாங்கி அங்கணக் கணக்கில் விற்பவருக்கே இவ்விடைவெளியின் இலாபம் போய்ச் சேருகிறது.

கடன் வழி அடைபட்டது

நிலம் வாங்க வங்கிக் கடன் பெறலாமே எனக் கேட்கலாம். பெற முடியாது. தனியார் கட்டட நிறுவனங்கள் நிலம் வாங்குவதற்கு, அது வீட்டுத் திட்டத்தின் ஒரு பகுதியாக இருப்பினும், வங்கிகள் கடன் வழங்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் நெடுநாளைய நெறிமுறை. நில விலையில் சூதாட்டம் நிகழாமல் தடுப்பதே இதன் நோக்கம். கட்டுமானச் செலவுக்குக் கடன் உண்டு. ஆனால் எல்லா அனுமதிகளும் கைக்கு வந்த பின்னரே பணம் வரும். எனவே அதிக இடர் நிறைந்த முதற்காலம் முழுவதும் சொந்தப் பணத்திலோ கந்துக் கடனிலோ கழிகிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஓர் ஏக்கர் நிலம் 1 கோடி ரூபாய் எனக் கொள்வோம். சாலைக்கும் திறந்த வெளிக்கும் 40 சதவீதம் போனால், எஞ்சிய இடத்தில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 160 சதுர கெஜம் கொண்ட 18 மனைகள் அமையும். நிலம் வாங்கிய நாளிலிருந்து அனுமதி கிடைக்க 18 மாதம் ஆகுமாயின், மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டியில் வாங்கிய சிறு நிறுவனத்திற்கு வட்டி மட்டும் 36 லட்சம். வீடு ஒன்றுக்கு 2 லட்சம். பங்குமூலதனமும் கடன் பத்திரமும் திரட்ட வல்ல பெரிய நிறுவனத்திற்கு, ஆண்டுக்கு 12 சதவீத அடக்கத்தில், இதிற் பாதி. 18 மாதம் 6 மாதமாகக் குறையுமானால் சிறு நிறுவனத்தின் வட்டி 12 லட்சமாகும். வீடு ஒன்றுக்கு 1 லட்சத்து 33 ஆயிரம் ரூபாய் மிச்சம். 2024இல் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டம் (நகர்ப்புறம்) இரண்டாம் கட்டத்தில், தகுதியுடைய குடும்பத்துக்கு வட்டி மானியத்தின் உச்ச வரம்பு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அரசு ஒரு கையால் வழங்குவதில் பெரும்பகுதியைத் தாமதம் மறு கையால் எடுத்துக்கொள்கிறது என்பதை இவ்விரு எண்களும் காட்டும்.

இவ்வட்டிச் சுமையிலிருந்து தப்புவதற்குச் சிறு நிறுவனங்கள் கண்ட வழி கூட்டு ஒப்பந்தம். நில உடைமையாளர் நிலத்தைத் தருவார், கட்டுபவர் கட்டித் தருவார், வீடுகளைப் பங்கிட்டுக்கொள்வர். முன்னர் ஒப்பந்தம் எழுதிய ஆண்டிலேயே உடைமையாளர் மூலதன ஆதாய வரி கட்ட வேண்டுமோ என்னும் அச்சம் இருந்தது. 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம், தனிநபர் உடைமையாளருக்கு அவ்வரியைக் கட்டடம் முடிவுற்ற சான்று கிடைக்கும் ஆண்டிற்குத் தள்ளிவைத்தது. நல்ல திருத்தம். எனினும் நிலத்தின் விலை ஆண்டுதோறும் ஏறும் எனத் தரகர் கூறக் கேட்கும் விவசாயி, கூட்டு ஒப்பந்தத்தில் கையொப்பமிட எளிதில் முன்வருவதில்லை.

மற்றொரு பழைய வழியும் இருந்தது. ஒரு திட்டத்தில் வீடு வாங்குவோர் தந்த முன்பணத்தைக் கொண்டு அடுத்த நிலத்தை வாங்குவது அது. 2016ஆம் ஆண்டு வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம், பெற்ற பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அத்திட்டத்திற்கே செலவிட வேண்டும் என விதித்தது. வாங்கியவரின் பணம் வேறெங்கோ சென்று வீடு அரைகுறையாக நின்ற கொடுமைகளை நினைத்தால் இவ்விதி மிகவும் நியாயமானது. தவறான அவ்வழி மூடப்பட்டது. சரியான வழி ஒன்று இன்னும் திறக்கப்படவில்லை. இச்சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திற்கோ, 8 குடியிருப்புகளுக்கு மேற்படாத திட்டத்திற்கோ பதிவு வேண்டியதில்லை. இதனால் சிறு நிறுவனம் அவ்வெல்லைக்குள்ளேயே ஒடுங்கிவிட விரும்புகிறது. 500 சதுர மீட்டர் என்பது 12 சென்ட்டுக்குச் சற்று அதிகம். அதில் தெரு அமைக்க முடியாது. ஓர் அடுக்குக் குடியிருப்பைத்தான் எழுப்பலாம்.

அனுமதி என்னும் நடை

விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற 2006ஆம் ஆண்டு முதல் ஆந்திரத்தில் தனிச் சட்டமும் கட்டணமும் இருந்தன. 2025இல் அச்சட்டத்தை நீக்கும் முடிவை மாநில அரசு எடுத்தது. இது ஒரு படி குறைந்ததாகும். எஞ்சியவை பல.

திருப்பதி நகர்ப்புற வளர்ச்சி ஆணையம் 1981இல் அமைந்தது. நகரின் விளிம்பில் எதற்குக் கிராம ஊராட்சி, எதற்கு ஆணையம், எதற்கு நகர் ஊரமைப்பு இயக்ககம் என்பது சாதாரண மனிதருக்குப் புரிவதில்லை. 2002ஆம் ஆண்டின் ஊராட்சி மனைப்பிரிவு விதிகளின்படியே தொழில்நுட்ப ஒப்புதல் இன்றி ஊராட்சி மனைப்பிரிவை அனுமதிக்க இயலாது. இருந்தும் 'பஞ்சாயத்து அங்கீகாரம் பெற்ற மனை' என்னும் விளம்பரப் பலகையைக் கண்டு மயங்குவோர் குறையவில்லை. சர்பஞ்சின் முத்திரை ஒன்றே போதும் என எண்ணிச் சேமிப்பு முழுவதையும் இழந்தவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு.

சாலை விஷயத்தில் சிறு நிறுவனம் இருதலைக் கொள்ளி எறும்பாகிறது. தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய நிலமென்றால், சாலையிலிருந்து உள்ளே நுழையும் வழிக்கு நெடுஞ்சாலைத் துறையின் தனி அனுமதி வேண்டும், சாலையின் நடுக்கோட்டிலிருந்து கட்டடக் கோடு வரை இடம் விட வேண்டும், விலையும் எட்டாது. உட்புற நிலமென்றால் விலை எட்டும், ஆனால் மனைப்பிரிவு விதி கோரும் அகலப் பாதை இராது. இருப்பது மாட்டுவண்டிப் பாதை. அதை அகலப்படுத்த அண்டை நிலத்தார் ஐந்தாறு பேரிடம் இடம் வாங்க வேண்டும். 10 ஏக்கர் வைத்திருப்பவர் அச்செலவைத் தாங்குவார். ஓர் ஏக்கர்க்காரர் எங்ஙனம் தாங்குவார்? இருப்புப் பாதையின் எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் என்றால் ரயில்வேயின் தடையின்மைச் சான்றும் சேரும். ஏர்பேட்டில் நெடுஞ்சாலையும் இருப்புப் பாதையும் ஒன்றையொன்று அணுகியே செல்கின்றன.

நீர்நிலை பற்றியும் கூற வேண்டும். 2017ஆம் ஆண்டு ஆந்திரக் கட்டட விதிகள், 10 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள ஏரிகளின் முழு நீர்மட்ட எல்லையிலிருந்து 30 மீட்டரும், சிறு குட்டைகளிலிருந்து 9 மீட்டரும் விட்டே கட்ட வேண்டும் என விதித்தன. இவ்விதியைத் தளர்த்த வேண்டும் எனக் கேட்பது அறியாமை. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் சுவர்ணமுகி பெருக்கெடுத்ததையும், திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியதையும், ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு கிராமங்களை இரவோடிரவாகக் காலி செய்ததையும் அவ்வட்டாரத்தார் மறக்கவில்லை. விதியில் குறையில்லை, முழு நீர்மட்டக் கோடு எங்கே ஓடுகிறது என்பதை நிலம் வாங்குவதற்கு முன்பே காட்டும் வரைபடம் ஊர்தோறும் எளிதில் கிடைப்பதில்லை என்பதே குறை. நிலத்தை வாங்கி, வரைபடம் தயாரித்து, விண்ணப்பித்த பின்னர் பாசனத் துறைப் பொறியாளர் வந்து அளந்து, மூன்று மனைகள் ஏரியின் எல்லைக்குள் விழுகின்றன என்கிறார். 18 மனையில் மூன்று போவது இலாபம் முழுவதும் போவதாகும்.

அனுமதி முறையில் முன்னேற்றம் இல்லை எனக் கூற இயலாது. ஆந்திரத்தில் விண்ணப்பங்கள் கணினி வழி பெறப்படுகின்றன. தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டிற்குத் தற்சான்றின் பேரில் உடனடி அனுமதி வழங்கப்படுகிறது. ஆந்திரமும் 2025இல் உரிமம் பெற்ற தொழில்நுட்பர்களின் தற்சான்று முறையைக் கொண்டுவந்தது. இவை தனி வீடு கட்டுவோருக்குப் பெருநன்மை. ஆனால் இந்த எளிமை மனை உருவான பின்னரே தொடங்குகிறது. மனையை உருவாக்கும் கட்டம் பழைய வேகத்திலேயே நகர்கிறது.

விளைவு என்ன?

நேர்மையாக நடக்க விழையும் சிறு நிறுவனம், விதியை மீறுபவரோடு போட்டியிட வேண்டியுள்ளது. அனுமதியின்றிக் கல் நட்டு மனை விற்பவருக்கு 18 மாத வட்டி இல்லை, பூங்காவுக்கு 10 சதவீத இடம் விட வேண்டியதில்லை, வடிகால் இல்லை. விலை குறைவு என்பதால் ஏழையும் நடுத்தர வகுப்பினரும் அவரிடமே செல்கின்றனர். பின்னர் அரசு வரன்முறைப்படுத்தும் திட்டம் அறிவிக்கிறது. ஆந்திரத்தில் 2020இல் அத்தகைய விதிகள் வந்தன. தமிழ்நாட்டில் 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், பத்திரப் பதிவு அலுவலகங்கள் வெறிச்சோடியதும், 2017இல் வரன்முறை விதிகள் வந்ததும் நினைவிருக்கும். வாங்கிய அப்பாவியைக் காப்பதற்கு வரன்முறை தேவைதான். ஆயினும் ஒவ்வொரு வரன்முறையும் அடுத்த மீறலுக்கு விலைப்பட்டியலாகிவிடுகிறது. விதிப்படி நடந்தவர் தம் வட்டிக் கணக்கைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். அடுத்த முறை அவரும் வீடு கட்டுவதை விட்டு மனை விற்கப் போய்விடுகிறார். இங்ஙனம் கட்டத் தெரிந்தவர் கட்டாமற் போக, எல்லைக்கல் நட்ட வெறும் மனைகள் முதலீடாகக் கைமாறிக்கொண்டிருக்கின்றன. குடியேறுவார் இல்லை, வாடகைக்கு வீடு தேடும் தொழிலாளி திருப்பதிக்கும் காளத்திக்கும் பேருந்தில் அலைகிறார்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அன்று. இங்கிலாந்தில் 1988இல் புதிய வீடுகளில் 39 சதவீதத்தைச் சிறு, நடுத்தர நிறுவனங்கள் கட்டின. அண்மைக் காலத்தில் அது ஏறத்தாழ 10 சதவீதமாகச் சுருங்கியதை அந்நாட்டுப் பிரபுக்கள் சபையின் குழு ஒன்று 2022இல் சுட்டிக்காட்டியது. நிலம் கிடைக்காமையும் திட்ட அனுமதியின் தாமதமும் நிச்சயமின்மையும் அங்கும் காரணங்களாகப் பேசப்பட்டன. பட்டாச் சிக்கல் அறவே இல்லாத நாட்டிலேயே அந்நிலை என்றால், அனுமதியின் நிச்சயமின்மை ஒன்றே எவ்வளவு அழிக்க வல்லது என்பது விளங்கும். அந்நாடு 2018இல் ஒரு விதி செய்தது: உள்ளாட்சி அமைப்பு தன் வீட்டுத் தேவைக்கு ஒதுக்கும் நிலத்தில் குறைந்தது 10 சதவீதத் தேவையை ஒரு ஹெக்டேருக்கு மேற்படாத சிறு இடங்களில் நிறைவேற்ற இடம் காண வேண்டும்.

செய்யக்கூடியது

இவ்விதியின் கருத்து நமக்குப் புதியதன்று. 1920ஆம் ஆண்டுச் சென்னை நகரமைப்புச் சட்டத்தின்கீழ் மாம்பலத்து நெடிய ஏரிப் பரப்பைச் சீர்செய்து தியாகராய நகரை உருவாக்கியபோது, பொது அமைப்பு தெருவையும் பூங்காவையும் மனையையும் வகுத்தது. வீட்டை மற்றவர்கள் கட்டினர். 1977இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கத்திலும், வில்லிவாக்கத்திலும், கொடுங்கையூரிலும் சாலை, குடிநீர், கழிவுநீர் வசதியுடன் மனைகள் பல அளவுகளில் அமைக்கப்பட்டன. குஜராத்தில் நகரமைப்புத் திட்ட முறையில் உடைமையாளர்களின் நிலங்களை ஒன்றுசேர்த்து, சாலைக்குரியதைக் கழித்து, ஒழுங்கான மனைகளாகத் திருப்பித் தருவது 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தொடர்ந்து நடைபெறுகிறது. பாதைக்காக அண்டை வீட்டார் அறுவரிடம் கெஞ்ச வேண்டிய தேவை அம்முறையில் எழுவதில்லை.

ஏர்பேட்டிலும் இவ்வாறு 20 அல்லது 30 ஏக்கரை வளர்ச்சி ஆணையம் தயார் செய்ய முடியும். பட்டாவை ஒரே முறை ஆராய்ந்து, 22ஏ பட்டியலை ஒரே முறை சரிபார்த்து, ஏரியின் எல்லையை ஒரே முறை அளந்து, 12 மீட்டர் சாலையை ஒரே முறை போட்டுவிட்டால், 30 சிறு நிறுவனங்கள் தனித்தனியே செய்யும் செலவு ஒன்றாகிவிடும். நகர்ப்புற வளர்ச்சி ஆணையங்கள் மனைப்பிரிவுகள் அமைத்து விற்பது புதிதன்று. ஆனால் ஏலத்தில் தனித்தனி மனையாகவோ, முழுத் தொகுதியாகவோ விற்கின்றனர். முதல் முறையில் முதலீட்டாளர் வாங்கி வெறுமனே வைக்கிறார். இரண்டாம் முறையில் பெரிய நிறுவனம் வாங்குகிறது. 10 முதல் 20 வீடுகள் அமையும் அரை ஏக்கர், ஓர் ஏக்கர்த் தொகுதிகளாக ஒரு பங்கை ஒதுக்குவதே வேண்டப்படுவது.

பொது நிலத்தைத் தனியாருக்குச் சலுகையில் தருவதா என்னும் ஆட்சேபம் எழும். தணிக்கை அலுவலர் முதலில் கேட்பதும் இதுவே. சலுகை வேண்டியதில்லை. அடக்க விலையும் அதன்மீது ஆணையத்தின் செலவும் வசூலிக்கலாம். கால் பங்கை முதலிலும், எஞ்சியதை வீடு விற்கும்தோறும் தவணையிலும் பெறலாம். ரிசர்வ் வங்கி நெறிமுறையால் அடைபட்ட கடன் வழிக்கு இது ஈடாகும், வங்கிப் பணம் நில விலையில் சூதாடவும் இடமிராது. இரண்டு ஆண்டில் கட்டாவிடில் நிலம் ஆணையத்திற்கே மீள வேண்டும். வீட்டின் பரப்புக்கும் உச்ச வரம்பு வைக்கலாம். பெருநகரம் அல்லாத இடங்களில் 90 சதுர மீட்டர், 45 லட்சம் ரூபாய் என்னும் வரம்பைச் சரக்கு, சேவை வரி 2019இலேயே வகுத்து, அத்தகைய வீட்டுக்கு 1 சதவீத வரியே விதித்தது.

கடினமான பகுதி வேறிடத்தில் உள்ளது. இத்தகைய மனைப்பிரிவின் சாலையும் வடிகாலும் தெருவிளக்கும் முடிந்த பின்னர் ஊராட்சியிடம் ஒப்படைக்கப்படும். ஏர்பேடு போன்ற ஊராட்சியின் வருவாயும் பணியாளரும், கிராமமாக இருந்த காலத்தின் அளவிலேயே பெரும்பாலும் இருப்பன. கழிவுநீர் எங்கே போவது என்பதற்கு விடை இல்லாமல் 300 வீடுகளைச் சேர்த்தால், அது அருகிலுள்ள ஏரியையே சென்றடையும். ஆணையம் வசூலிக்கும் வளர்ச்சிக் கட்டணத்தில் எவ்வளவு அவ்வூரிலேயே செலவாக வேண்டும் என்பதை மனைகளை ஒதுக்கும் ஆணையிலேயே எழுதிவிட வேண்டும். ஒதுக்கீட்டுக்குப் பின்னர் எழுதிய கடிதங்களுக்கு நிதித் துறை விடையளிப்பது அரிது.